பச்சைத் தண்ணிக்கு ஏது வாசம்

ஷெத்லியாவிடம் பாட்டிலை நீட்டுகிற பெண்கள் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். அவளே முகர்ந்து சொல்லட்டும் என்று ஈரத் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு சின்னச் சிரிப்போடு காத்திருப்பார்கள். நபூல் ஊரின் பழைய ஹம்மாமில், பெண்கள் கூடிக் குளிக்கும் நீராவிக் குளியல்கூடத்தில், அது ஒரு விளையாட்டு. சோடா பாட்டில், ஆலிவ் எண்ணெய் பாட்டில், இருமல் மருந்துக் குப்பி என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் பூவைக் காய்ச்சி வடித்த வீட்டுப் பூநீரை ஊற்றிக்கொண்டு குளிக்க வருவார்கள். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்காது. ஷெத்லியா, அழுக்குத் தேய்க்கும் கையுறையைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து மூக்கருகே ஒரே முறை ஆட்டுவாள்.

"நாரத்தம்பூ. போன வருஷத்தது. அடுப்பைத் தூக்கி எரிச்சிட்டாங்க, அடியில லேசா தீயல் இருக்கு. மூஞ்சிக்கு வேணாம். தலைக்குத் தேய்க்கிற களிமண்ணுல குழைச்சிக்கோ."

அடுத்தவளிடம் திரும்புவாள். "இது காட்டு ரோஜா, கிடைக்கிறதே அபூர்வம். யாரு குடுத்தா? உன் மாமியாளா? உன்மேல அவ்வளவு பாசமாடி அவளுக்கு?"

கல்மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். பாட்டில்காரி முகம் சிவந்து, ஆமாம், மாமியார் கொடுத்ததுதான் என்று ஒப்புக்கொள்வாள்.

பிறர் உடம்பைத் தேய்த்துக் கழுவுகிறவளுக்கு ஊரில் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஷெத்லியா அந்த வேலைக்கு வந்ததே வேறு போக்கிடம் இல்லாமல்தான். அவள் கணவன் மட்பாண்டச் சூளையில் இருந்தவன். ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குச் சரக்கு ஏற்றிப்போன லாரியோடு ஒருநாள் போனவன், சரக்கை இறக்கிய கையோடு அங்கே வேறொரு வீட்டில் தானும் இறங்கிவிட்டான். அதன் பிறகு ஹம்மாமின் நீராவிதான் அவளுக்குப் பிழைப்பு. அவளுக்கு இப்படி ஒரு மூக்கு இருப்பது தெரியவந்த பின்பே வெறும் ஷெத்லியா, மரியாதையாக 'லெல்லா ஷெத்லியா' ஆனாள். பிள்ளை பெற்றவள், குழந்தையின் உச்சந்தலைக்கு எந்தத் தண்ணீரைத் தொட்டுவைப்பது என்று கேட்டு ஆள் அனுப்புவாள். வெயிலில் கறுத்த கன்னத்துக்கு எது, முடி கொட்டினால் பன்னீரா அல்லது ரோஜா மணம் வீசும் அத்தர்ஷியா இலையின் நீரா என்று பெரிய வீட்டுப் பெண்களும் அவளிடம்தான் கேட்பார்கள். தெருவில் அவளைப் பார்த்தால் நின்று பேசுவார்கள்.

அந்த மூக்கு, இரண்டு வருஷத்துக்கு முந்தின குளிரில் செத்துப்போனது.

ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். மற்றவர்களுக்கு வந்தது, போனது. அவளுக்குப் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபியில் இரண்டு சொட்டுப் பூநீர் விட்டுக் குடித்தாள். சுடுதண்ணீரில் கரியைக் கரைத்துக் குடிப்பதுபோல் இருந்தது. தலையணையை முகர்ந்து பார்த்தாள், பூண்டு நசுக்கிய விரலை முகர்ந்து பார்த்தாள். சுவரில் மூக்கை வைத்தாற்போல் இருந்தது. அடுத்த வாரம் திரும்பிவிடும் என்று நினைத்தாள், அடுத்த மாதம் திரும்பிவிடும் என்று நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டு நடிக்கத் தொடங்கினாள்.

நடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதுதான் அவளுக்கே வியப்பு. பாட்டிலைக் கொடுக்கிறவள் முகத்திலேயே பாதி விஷயம் இருந்தது. நல்ல தண்ணீர் கொண்டுவருகிறவள் நிமிர்ந்து நிற்பாள். பழசைக் கொண்டுவருகிறவள் முன்கூட்டியே சமாதானம் சொல்லத் தொடங்குவாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் கசப்பு மட்டும் கொஞ்சம் தெரியும். குலுக்கினால் மேலே எண்ணெய் மினுக்கம் தெரியும். மிச்சத்தை வாய் பார்த்துக்கொண்டது. முன்பைவிட அதிகமாகக் கிண்டல் செய்தாள், சிரிக்கிறவர்கள் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குத் திரும்பும்போது, யார் வீட்டிலோ நுழைந்து எதையோ எடுத்துக்கொண்டு வருகிறவளைப்போல் சுவரோரமாகவே நடந்தாள்.

வஸீலாவின் மகள் யுஸ்ராவுக்குக் கல்யாணம் மார்ச் மாதக் கடைசியில் அமைந்தது. பொதுவாகக் கோடையில்தான் செய்வார்கள். மாப்பிள்ளைக்கு பிரான்சில் வேலை, கொடுத்த விடுமுறை அவ்வளவுதான். ஊரெங்கும் நாரத்தை மரங்கள் மொட்டுப் பிடித்து நின்ற வாரம் அது. புதுப் பூ இன்னும் இறங்கவில்லை, அதனால் எல்லோர் வீட்டிலும் போன வருஷத் தண்ணீரின் அடிமிச்சம்தான் இருந்தது.

மணப்பெண்ணின் குளியலுக்காக அன்று மதியம் ஹம்மாமையே எடுத்துக்கொண்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டு, யுஸ்ராவை உள்ளே கூட்டி வந்தார்கள். முந்தின நாள், மணப்பெண்களுக்கு முடி எடுக்கிற மனூபியா வந்து சர்க்கரைப் பாகு ஒட்டி இழுத்து, முகத்திலிருந்தும் கழுத்திலிருந்தும் பூனைமுடியை எடுத்துவிட்டுப் போயிருந்தாள். பெண்ணின் முகம் உரித்த பீச் பழம்போல் பளபளப்பாக, தொட்டால் எரிகிற மாதிரி இருந்தது.

ஷெத்லியா தேய்த்து, கழுவி, தலைக்குக் களி பூசி அலசி முடித்ததும், வஸீலா ஒரு பச்சைப் பாட்டிலை நீட்டினாள். வஸீலா ஊர் அறிந்த வாய்க்காரி. அவள் முகத்தில் எதையும் படிக்க முடியாது, எப்போதும் சண்டைக்குத் தயாரான ஒரே முகம்தான்.

"இந்தா லெல்லா. சொல்லு பாப்போம்."

பாட்டிலுக்கு மூடி இல்லை. ஒரு துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். ஷெத்லியா அதை உருவினாள். துணியின் ஓரத்தில், மிளகுத்தூள் ஒட்டியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தன.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், ஆனால் பார்த்தாள். மூக்கருகே ஆட்டினாள், சுவர். ஒரு சொட்டை நாக்கில் விட்டாள். மதியம் ரொட்டியில் ஹரீஸாவை அள்ளித் தடவித் தின்றிருந்தாள், நாக்கில் மிளகாயைத் தவிர வேறு எதுவும் இல்லை. பச்சைக் கண்ணாடிக்குள் தண்ணீர் கலங்கலா தெளிவா என்று அந்த ஆவியில் தெரியவில்லை. பெண்கள் எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு வடிச்சது?" என்று கேட்டாள்.

"வேற யாரு? ஊருக்கே வடிச்சுக் குடுக்கிற மஹ்பூபாதான்."

பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டி, 'நீ ஒருதரம் முகர்ந்து பாரு, எனக்குச் சளி' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சளி யாருக்குத்தான் வராது? ஆனால் ஒருமுறை கேட்டால் மறுமுறையும் கேட்க வேண்டிவரும். அவள் கட்டைவிரலால் அந்தக் கரும்புள்ளிகளை வழித்து, இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"மஹ்பூபா தண்ணின்னா அப்புறம் எதுக்கு என் மூக்கு? பொண்ணு மாதிரியே இருக்கு, அப்பழுக்கு இல்ல!"

குலவை எழுந்தது. உள்ளங்கையில் ஊற்றி யுஸ்ராவின் முகத்தில், கழுத்தில், வகிட்டில் எல்லாம் தடவினாள்.

"சின்னம்மா, எரியுது," என்றாள் பெண்.

"புதுத் தோலு, எரியத்தான் செய்யும். நாளைக்கு உன் கன்னத்தைப் பாத்து உன் புருஷன் தலை சீவிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். யுஸ்ராவும் சிரித்தாள்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் வஸீலா ஹம்மாமுக்குள் செருப்போடு நுழைந்தாள். நுழைவறையில் உட்கார்ந்திருந்த முதலாளி சாலிஹா எழுந்து நிற்பதற்குள் கத்தத் தொடங்கிவிட்டாள்.

"என் பொண்ணு மூஞ்சி எள்ளு தூவின ரொட்டி மாதிரி ஆயிடுச்சு! நெத்தி, கன்னம், கழுத்து, ஒரு இடம் பாக்கி இல்ல. ஒவ்வொண்ணுலயும் சீழு. அலங்காரம் பண்ண வந்தவ மூணு அடுக்கு பூசினா. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி மேடையில உக்காந்திருந்துது என் புள்ள. மாப்பிள்ளையோட அத்தக்காரி கிட்ட வந்து பாத்துட்டு, 'பாவம், இது ஒட்டிக்குமா?'ன்னு கேட்டா. கேட்டாளே! மேடையிலயே!"

பெண்கள் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஷெத்லியாவும் வந்தாள். கையில் இன்னும் கையுறை இருந்தது.

"மருந்துக் கடைக்காரர் என்ன சொன்னார்?" என்று சாலிஹா கேட்டாள்.

"கெட்டுப்போன எதையோ பச்சைத் தோல்ல தடவியிருக்கீங்கங்கிறார். வேற என்னத்தத் தடவினோம்? அந்தப் பூத்தண்ணி ஒண்ணுதான்."

"ஆனா லெல்லா ஷெத்லியா முகர்ந்து பாத்தாளே. நானே கேட்டேனே, அப்பழுக்கு இல்லேன்னாளே," என்றாள் துண்டோடு நின்ற ஒருத்தி.

எல்லாத் தலைகளும் ஷெத்லியா பக்கம் திரும்பின. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பயந்தாள். ஆனால் வாய் இரண்டு வருஷமாக வேறு பழக்கத்தில் இருந்தது.

"பச்சைத் தண்ணி கலந்திருந்தா என் மூக்கு என்ன பண்ணும்?" என்றாள். "பச்சைத் தண்ணிக்கு ஏது வாசம்?"

யாரையும் குறித்துச் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அங்கிருந்து தப்பினால் போதும் என்றுதான் சொன்னாள்.

"அதானே," என்றாள் வஸீலா மெதுவாக. "குழாய்த் தண்ணிய ஊத்திப் பெருக்கியிருக்கா. அதான் கெட்டிருக்கு. எங்க பூவை வாங்கி, எங்க தண்ணியத் திருடி, கணக்குக்குக் குழாயைத் திறந்து விட்டிருக்கா அந்த மஹ்பூபா."

"நான் அப்படிச் சொல்லல," என்றாள் ஷெத்லியா.

"நீ எங்க சொல்லுவ? உன் சிநேகிதியாச்சே. உன் நல்ல மனசு."

அன்று மாலைக்குள் அந்த வாக்கியம் ரொட்டி அடுப்புக்குப் போனது, மறுநாள் மீன் சந்தைக்குப் போனது. மஹ்பூபாவின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் யாராவது ஒருத்தி புருவத்தைத் தூக்கி, "பச்சைத் தண்ணிக்கு ஏது வாசம்!" என்பாள்; மற்றவர்கள் சிரிப்பார்கள். கேட்டுச் சிரிக்கிற மாதிரி பேசத் தெரிந்தவள் என்று ஷெத்லியாவுக்குப் பெயர் இருந்ததே, அந்தத் திறமையில் பிறந்த வாக்கியம் அது. யார் முதலில் சொன்னது என்று நான்கு நாளில் யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு மட்டும் இருந்தது.

பூ இறங்கியது. காலையில் தெருவெல்லாம் வெள்ளையாக, துணிமூட்டைகளோடு பெண்கள் போனார்கள். வழக்கமாக அந்த மூட்டைகளில் பாதி மஹ்பூபாவின் வாசலில்தான் இறங்கும். வீட்டில் சொந்தமாக வாலை என்னும் வடிகலம் வைத்துப் பூநீர் வடிக்காதவர்கள் அவளிடம் பூவைக் கொடுத்து, வடித்த நீரை வாங்கிக்கொள்வார்கள். கூலிக்கு அவள் ஒரு பங்கு நீரை எடுத்துக்கொள்வாள். அந்தப் பங்குதான் அவள் வருஷத்துக்கும் விற்றுச் சாப்பிடுவது. இந்த முறை மூட்டைகள் அவள் வாசலைத் தாண்டிப் போயின. அவள் கதவைத் திறந்து வைத்து, உள்ளே செப்பு வாலையைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். ஷெத்லியா அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்தினாள்.

ஒருநாள் மஹ்பூபாவே ஹம்மாமுக்கு வந்தாள். கல்மேடையில் அவள் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இடம் தாராளமாகக் கிடைத்தது.

"பரவால்ல, காலை நீட்டிக் குளிக்கலாம்," என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு ஷெத்லியாவைப் பார்த்து, "வாடி, முதுகைத் தேய். தோலையே உரிச்சாலும் சரி. ஊரு பாதி உரிச்சிடுச்சு, மிச்சத்தை நீ உரி."

ஷெத்லியா தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே வருஷம் நின்றவர்கள்.

"எந்த நாக்கு கட்டிவிட்டுதோ அந்தப் பேச்சை," என்றாள் மஹ்பூபா குனிந்தபடியே. "நல்லா கட்டியிருக்கா, பாவி. கேக்க எனக்கே சிரிப்பு வருது. நீ யாருன்னு கேள்விப்பட்டியா?"

"இல்ல," என்றாள் ஷெத்லியா.

"என் அம்மா மேல ஆணையா சொல்றேன், ஒரு சொட்டு நான் கலந்ததில்ல."

"எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். அதுக்குத்தான் வந்தேன்." மஹ்பூபா திரும்பி உட்கார்ந்து அவள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வாலையை ஏத்தறேன். என் சொந்த மரத்துப் பூ, கொஞ்சம்தான். வஸீலாவையும் கூப்பிட்டிருக்கேன், சாலிஹாவையும் கூப்பிட்டிருக்கேன். வம்பு பாக்க எப்படியும் நாலு பேரு வருவாங்க. பச்சைத் தண்ணி கலந்தா உன் மூக்குக்குத் தெரியுமா தெரியாதான்னு அவங்க முன்னால பாத்துடலாம். ஒரு குவளையில வடிச்சது, ஒரு குவளையில நான் குழாய்த் தண்ணி கலந்தது. நீ எடுத்துச் சொல்லு. உன் மூக்குக்குத் தெரியும்னா, அன்னைக்கு நீ அப்பழுக்கு இல்லேன்ன பாட்டில்லயும் கலப்பு இல்லேன்னு ஆயிடும். நீ சொன்னா ஊரு கேக்கும்டி."

ஷெத்லியா தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? மஹ்பூபாவின் தலையில் தண்ணீரை ஊற்றினாள். ஆவியில் முகம் தெரியாமல் இருந்தது வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வரை அவள் அதையே கணக்குப் போட்டாள். இரண்டு குவளை, எப்படியாவது சரியானதைச் சொல்லிவிட்டால் மஹ்பூபாவின் பெயர் திரும்பிவிடும், தன் பெயரும் போகாது, யாருக்கும் நஷ்டமில்லை. செய்த பாவத்தை அதே பொய்யால் கழுவிவிடலாம். அப்படி நினைக்கும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது; அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

மஹ்பூபாவின் முற்றத்தில் வாலை ஏறியிருந்தது. கீழே செப்புப் பானை, மேலே குளிர்நீர் நிறைந்த தலைப்பகுதி, இரண்டும் சேரும் இடத்தில் மாவு தடவிய துணி, பக்கவாட்டுக் குழாயின் நுனியில் கோரை பின்னிய கண்ணாடிக் குடுவை. தரையில் விரித்த துணியில் மிச்சப் பூ குவிந்து கிடந்தது. வஸீலா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். சாலிஹாவும் இன்னும் சில பெண்களும் நாற்காலி இழுத்துப் போட்டு, காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் வரும்போதே மணம் தூக்கியடித்தது என்று சாலிஹா சொன்னாள். ஷெத்லியாவும் ஆமாம் என்றாள்.

மஹ்பூபா உள்ளே போய் இரண்டு வெள்ளைக் குவளைகளோடு வந்தாள். ஒரே மாதிரிக் குவளைகள். மேசைமேல் வைத்தாள்.

"சொல்லுடி."

ஷெத்லியா முதல் குவளையை எடுத்து மூக்கருகே ஆட்டினாள். ஒன்றுமில்லை. இரண்டாவதை எடுத்தாள். ஒன்றுமில்லை. பழக்கம்போல் கண் தானாக உயர்ந்து மஹ்பூபாவின் முகத்துக்குப் போனது. அந்த முகத்துக்கு மறைக்கத் தெரியாது, ஒருநாளும் தெரிந்ததில்லை. இரண்டாவது குவளை மேலே வந்ததும் அதில் ஒரு பெருமை மின்னியது, தன் குழந்தையை யாரோ தூக்கினாற்போல்.

"இது வாலையில இருந்து வந்தது," என்றாள் ஷெத்லியா, இரண்டாவதை உயர்த்தி. "அதுல குழாய்த் தண்ணி இருக்கு. பாதிக்கும் மேல."

"பாத்தீங்களா!" மஹ்பூபா கைதட்டினாள். "பாதிதான் ஊத்தினேன், அளந்து! பச்சைத் தண்ணிக்கு வாசம் இல்லையாம்! இவ மூக்குக்கு இருக்கு!" பெண்கள் குலவையிட்டார்கள். சாலிஹா, தன் வீட்டுப் பூவை நாளைக்கே அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். ஷெத்லியா குவளையை மேசையில் வைத்தாள். முடிந்தது என்று நினைத்தாள்.

வஸீலா மட்டும் கையைப் பிரிக்கவில்லை. மெதுவாக யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிப்பது அவளுக்கு உரக்கத்தான் வரும்.

"சரி. தண்ணியில ஒண்ணும் இல்ல. லெல்லா ஷெத்லியாவும் முகர்ந்து பாத்துட்டா. அப்ப அந்தப் பாகு இழுத்தவதான். மனூபியா. கைய கழுவினாளா அவ? எந்தெந்த வீட்டுப் பாகையோ திரும்பக் காய்ச்சி எடுத்துட்டு வந்திருப்பா. நாளைக்கே அவ வீட்டு வாசல்ல போய் நிக்கறேன். இந்த ஊர்ல இனி ஒரு கல்யாணப் பொண்ணு முகத்தை அவ தொடக்கூடாது."

"அவ வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காரு, வஸீலா," என்று யாரோ சொன்னார்கள்.

"என் வீட்டுல ஒருத்தி கண்ணாடியத் திருப்பி வெச்சிட்டு உக்காந்திருக்கா."

ஷெத்லியா பூக்குவியலைப் பார்த்தாள். மனூபியாவின் கைகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்ததும் முதலில் சோப்பு கேட்பாள். கேட்டுக் கேட்டுக் கிண்டல் வாங்கியவள். ஷெத்லியாவே கிண்டல் செய்திருக்கிறாள்.

"மனூபியா இல்ல," என்றாள். மறுபடி சொன்னாள். "மனூபியாவும் இல்ல, மஹ்பூபாவும் இல்ல. அந்தப் பாட்டில் கெட்டுப்போயிருந்துது, வஸீலா. துணி அடைச்சு வெச்சிருந்தீங்க. அதுல கறுப்பா பூஞ்சணம் இருந்துது. நான் பாத்தேன். வழிச்சுத் துடைச்சிட்டு உன் பொண்ணு மூஞ்சியில ஊத்தினேன்."

"என்ன உளர்ற? முகர்ந்து பாத்தியே!"

"எனக்கு மூக்கு இல்ல."

யாரோ ஒருத்தி சிரித்தாள், அவள் வழக்கம்போல் கிண்டல் செய்கிறாள் என்று.

"காய்ச்சல்ல போயிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு. எதுவுமே தெரியாது. இந்தக் குவளையும் தெரியாது, உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவேன். பச்சைத் தண்ணிக்கு ஏது வாசம்னு சொன்னதும் நான்தான். எல்லாரும் என்னைப் பாத்தீங்க, வாயில வந்துது, சொல்லிட்டேன்."

முதலில் அசைந்தவள் வஸீலா. நேராக ஷெத்லியாவின் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எரியுதுன்னு சொன்னாளே என் புள்ள," என்றாள். அவளிடம் யாரும் கேட்டிராத சின்னக் குரல். "சின்னம்மான்னு கூப்பிட்டுச் சொன்னாளே. நீ சிரிப்பு காட்டினியே. நாங்களும் சிரிச்சோமே."

வஸீலா திரும்பிப் போன பிறகு மற்றவர்களும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். சாலிஹா போகிற போக்கில் ஷெத்லியாவைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு வேலைக்கு வா. தேய்க்கிறதுக்கு மூக்கு வேணாம். ஆனா யாரு பாட்டிலையும் தொடாத."

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மஹ்பூபா ஒரு கரண்டியால் வாலையின் தலையிலிருந்து சூடான நீரை அள்ளி ஊற்றிவிட்டு, வாளியிலிருந்து குளிர்ந்ததை நிரப்பினாள். அவசரமே இல்லாமல் செய்தாள். பழி நீங்கிய அவள் பெயர் இப்போது ஊருக்குள் போய்க்கொண்டிருக்கும், வஸீலாவின் வாய் வழியாகவே. மாலைக்குள் மூட்டைகள் வரத் தொடங்கும். ஆனால் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"ரெண்டு வருஷமா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப போன பூக்காலம்? அதுக்கு முந்தினது?"

வாலையிலிருந்து முதலில் இறங்குவது தலைத்தண்ணீர், கெட்டியான மணம். அது தனிக் குடுவைக்குப் போக வேண்டும், மருந்துக்கும் பலகாரத்துக்கும். அது முடிந்து மென்மையாக இறங்குவதுதான் தோலுக்கும் கூந்தலுக்கும். எந்தச் சொட்டில் அது மாறுகிறது என்று மணத்தால்தான் தெரியும். அந்த இடத்தைச் சொல்வதற்கென்றே மஹ்பூபா ஒவ்வொரு பூக்காலத்திலும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். 'இப்ப மாத்து' என்று அவள் சொன்னதும் மஹ்பூபா குடுவையை மாற்றுவாள்.

"இங்கதான உக்காந்திருந்த? 'இப்ப மாத்து, இப்ப மாத்து'ன்னியே. எப்படிச் சொன்ன?"

"நீ மூச்சை இழுத்துப் பிடிக்கிறப்ப சொன்னேன். நீ குடுவைப் பக்கம் கையக் கொண்டுபோறப்ப."

"'இது உன் அம்மா காலத்துத் தண்ணி மாதிரி இருக்கு'ன்னு சொன்னியே. போன வருஷம். நான் அழுதேனே."

"மஹ்பூபா..."

"அதுவும் சும்மாதானா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் ஷெத்லியா. "நல்லாத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியல."

மஹ்பூபா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். சந்தையில் எத்தனையோ பேரிடம் சரிக்குச் சரி கத்தியவள் அவள். இப்போது அடுப்பில் ஒரு விறகைப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு தரையில் கிடந்த பூக்குவியலைக் காலால் காட்டினாள்.

"வாடுது. காம்பைக் கிள்ளு. அதுக்குக் கண்ணு போதும்."

ஷெத்லியா தரையில் உட்கார்ந்தாள். பச்சைக் காம்பையும் ஒட்டியிருந்த இலையையும் கிள்ளி ஒரு பக்கம் போட்டு, வெள்ளைப் பூவை மறுபக்கம் போட்டாள். விரல்நுனிகள் பிசுபிசுத்தன. இந்த வாசம் நாள்முழுக்கக் கையை விட்டுப் போகாது என்று அவளுக்கு நினைவு இருந்தது, எப்படி இருக்கும் என்பதுதான் நினைவில் இல்லை.

மஹ்பூபா குழாயின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். ஒரு சொட்டைப் புறங்கையில் வாங்கித் தேய்த்து முகர்ந்தாள். முகத்தில் குழப்பம். கழுத்து தானாக ஷெத்லியா பக்கம் திரும்பியது; பாதியில் நின்று, வாலைக்கே திரும்பிப் போனது.

கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, குடுவையை இழுத்து எடுத்துவிட்டு, வேறொன்றை வைத்தாள். சரியான இடத்தில் மாற்றினாளா, முந்திவிட்டாளா, பிந்திவிட்டாளா என்று சொல்ல அந்த முற்றத்தில் ஆள் இல்லை. ஷெத்லியா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த காம்பைக் கிள்ளினாள்.